அலமாரிக்குப் பின்னால் ஒரு சாட்சி

ஸெலி பிறந்தது, கல்யாணம் கட்டியது, விதவையானது எல்லாம் ஒரே வீட்டில்தான். வீடென்றால் பேராலயத்தின் இரண்டு உதைசுவர்களுக்கு நடுவே செருகிய ஓர் அறை. பின்சுவர் பேராலயத்தினுடையது. அறுநூறு வருஷமாகக் கல்கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்கும் அந்த உதைசுவர்களில் அவள் வெங்காயச் சரம் மாட்டியிருந்தாள். கோயில் நாற்காலிகளுக்கு வைக்கோல் பின்னுவது தொழில். கைக்காவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது.

பேராலயத்தைச் செப்பனிடப் பாரிசிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் தெலாத்ருக்கு இந்த வீடுகள் கண்ணை உறுத்தின. மரு மாதிரி ஒட்டியிருக்கின்றன, இடித்தால்தான் பேராலயத்தின் பழைய கோதிக் பாணி அழகு தெரியும் என்றார். முதலில் பக்கத்து ரொட்டிக்கடையை அஸ்திவாரத்தோடு தோண்டி எடுத்தார்கள். எட்டாம் நாள் ஸெலியின் அலமாரிக் கதவு மூடவில்லை. அலமாரியை நகர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

நகராட்சிக்கு ஓடி, சுவர் நகர்கிறது, வந்து பாருங்கள் என்றாள். வீட்டைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்று சிரித்தார்கள். மறுநாள் கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள், யார் சொல்லியும் எழுந்திரிக்கவில்லை. தெலாத்ரே வரவேண்டியதாயிற்று.

"எழுந்திரும்மா. சுவர் நகருதுங்கறியே, சாட்சி இருக்கா?"

"இருக்கு. உள்ள வாங்கய்யா. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய விரிசல். அதன் குறுக்கே உள்ளங்கையளவு சாந்துப்பூச்சு, அதில் ஆணியால் கீறிய தேதி. சுவர் அசைந்தால் முதலில் உடையும் இந்தப் பூச்சைத்தான் கொத்தனார்கள் சாட்சி என்பார்கள். கொத்தனாராயிருந்த அவள் புருஷன் வைத்தது. இருபது வருஷம் முழுசாக இருந்தது இப்போது நட்டநடுவே பிளந்திருந்தது. தெலாத்ரின் விரல்நுனி அதற்குள் போனது. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீ முதல்ல வெளிய போ. சரிஞ்சா செத்துடுவே."

"நான் மருவாச்சே. அவ்வளவு லேசில உதிர மாட்டேன். நீங்க சுவருக்கு முட்டு குடுங்க."

முட்டுமரங்கள் அவளுடைய அந்த ஒற்றை அறை வழியாகத்தான் ஏறின. ஒன்பது வருஷ வேலை. அத்தனை வருஷமும் மரங்களுக்கு நடுவே சூப் காய்ச்சினாள். தெலாத்ருக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும், கூடவே ஒரு குத்தலும். வருஷத்துக்கு ஒரு புதுச் சாட்சி வைத்தாள். எழுதத் தெரியாது, தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கீறினாள்.

அவள் செத்த பிறகே வீட்டை இடித்தார்கள். பின்சுவரில் அவள் எழுத்தோடு ஒன்பது பூச்சுகள், அவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. அவற்றைச் சுரண்ட உளியெடுத்த ஆளைக் கிழவராகிவிட்ட தெலாத்ர் தடுத்தார்.

"விட்டுடுப்பா. அவ எழுந்திரிக்க மாட்டா."