மழைக்காலத்துப் போர்டிகோ

சிதம்பரத்திலிருந்து கடலூர் செம்மண்டலத்துக்கு வீடு பார்க்கப் போனோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப் எல்லாம் பக்கம் என்று அடுக்கினார் தரகர். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வருமா என்பதுதான் என் மனைவியின் கவலை.

"மனைய மழையில பாருன்னுவாங்க" என்றாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது. வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"அக்கா, மழை ஜாஸ்தியானா வண்டிய எங்க வுடுவீங்க?"

"இந்த வீட்டு போர்டிகோவுலதான். தெருவே இங்கதான் வுடும். இதான மேடு!"

அன்றைக்கே பேசி முடித்தோம்.

ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை. வேலை முடிந்து வந்தால், போர்டிகோ நிறையத் தெரு வண்டிகள். என் வண்டிக்குத்தான் இடமில்லை.

"வீடுதான் தம்பி உங்களுது, மேடு தெருவுக்கு" என்றபடி, அந்த அக்கா தன் ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்தினார்.