வண்டிப் பாட்டின் பதினோரு கேசட்டுகள்

எழுபத்து நான்காம் ஆண்டு நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். பதினாறு நிட்டிங் மெஷின்கள். அவை எல்லாம் சேர்ந்து ஓடும் இரைச்சலில் எது சரியில்லை என்று நின்ற இடத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஓர் ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். கோடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் மாறிவிடும். அந்த மாற்றம் என் காதுக்குப் பிடிபட்டது. கம்பெனியில் அதனால் நல்ல பெயர். கம்பெனிக்கு வெளியே இந்தக் காதால் ஒரு பயனும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் எடுக்க வாரம் இரண்டு முறை ஒருவர் வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு நாள் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு என்னைத் தேடி வந்தார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் வீட்டில் இருப்பதாகவும், அதில் பாடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு வாரமாகத் தொண்டை கட்டிவிட்டதாகவும், மெஷின் பார்க்கிற ஆள் என்பதால் என்னிடம் கேட்பதாகவும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தேடிப்பிடித்து வேறொரு ரப்பர் வளையம் மாட்டினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பாய் ஒரு கேசட்டைப் போட்டார். அதுதான் நான் முதன்முதலில் கேட்ட கிதார் பார்ட்டி.

அவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், நான்கு பேர். கிதார் வாசிப்பவர் மோட்டார் ஒர்க் ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். பெரிய ஒலிபெருக்கியைத் தானே செய்துகொண்டவர். இன்னொரு கிதார், டிரம்ஸ், ஒரு பாடகர். குழுவுக்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. நோட்டீஸில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதமாக அச்சாகும் என்பதால் சரியான பெயர் எது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோவில் நோம்பித் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். கூட்டம் அதற்குத்தான் வரும். நடுவில் ஒரே ஒரு பாட்டு, அவர்களே கட்டியது. பாதி ஆங்கிலம் போலவும் மீதி எந்த மொழியும் இல்லாதது போலவும் இருக்கும். கூட்ஸ் வண்டி கிளம்புவது மாதிரி ஆரம்பிக்கும் என்பதால் பாய் அதற்கு வண்டிப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தார்.

பாயிடம் இருந்தது அவிநாசியில் அவரே பதிவு செய்த வண்டி. எட்டு நிமிடம். அடுத்ததாகப் பல்லடத்தில் பதிவு செய்ததைப் போட்டார். பதினோரு நிமிடம். பாட்டு அதேதான், ஆனால் வேறு. நடுவில் டிரம்ஸ்காரர் தாளம் தப்பி எங்கோ போய்விடுகிறார். கிதார்காரர் அவரைத் தேடிக்கொண்டு போகிறார். மற்ற இருவரும் நின்று காத்திருக்கிறார்கள். ஒருவழியாக எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து மறுபடி கிளம்புகிறார்கள். பகல் முழுக்கப் பிசகாத சத்தத்தைக் காவல் காக்கிறவனுக்கு, பிசகு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். நோம்பி நோட்டீஸைப் பார்த்து, பஸ் பிடித்து, மேடைக்கு முன்னால் ஒரு மூங்கில் நட்டு அதன் உச்சியில் மைக்கைக் கட்டுவோம். காற்று அடித்தால் மைக்கில் புயல் மாதிரி விழும். அதற்கு மைக்கின் மேல் பனியன் துணி சுற்றினோம். எந்தத் துணி என்று இரண்டு வாரம் விவாதம் நடந்தது. பாய் கெட்டியான இன்டர்லாக் துணி என்றார். அது காற்றோடு கிதாரையும் சேர்த்துத் தடுத்தது. கடைசியில் மெல்லிய சிங்கிள் ஜெர்ஸி, இரண்டு சுற்று என்று முடிவானது. ஊரில் கேட்டவர்களுக்கு, கம்பெனி விளம்பரத்துக்குத் துணி கட்டியிருக்கிறோம் என்று பாய் சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேசட்டுகளை மாற்றிக்கொள்வது பிறகு தொடங்கியது. அமராவதி நகரில், அணைக்குப் பக்கத்து உறைவிடப் பள்ளியில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். உடுமலைப் பக்கம் கிதார் பார்ட்டி வாசித்ததையெல்லாம் அவர் பதிவு செய்திருந்தார். யாரோ சொல்லி எங்களுக்குத் தபால் கார்டு போட்டார். ஒரு கேசட்டுக்கு ஒரு கேசட் என்பதுதான் முறை. பஸ் கண்டக்டர் கையில் பனியன் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவோம். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் மதிப்புரை எழுதுவார். "பல்லடம் வண்டி: பதினோரு நிமிடம். டிரம்ஸ் தடம் புரண்டு மீண்டது. அருமை. இரண்டாம் கிதார் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. அதுவும் நன்றாகவே உள்ளது." மாணவர்களின் விடைத்தாளுக்கும் இப்படி எழுதியிருந்தால் அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அதற்குள் நானும் பாயின் மச்சான் மூலம் ஒரு ரிக்கார்டர் வாங்கிவிட்டேன். காப்பி எடுப்பது என்றால் இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதைக் கேட்கவிடுவது. ஜன்னலைச் சாத்திவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்போம். இருந்தும் ஏதாவது உள்ளே நுழைந்துவிடும். பாய் வீட்டுக் காப்பியில் உப்பு விற்பவர் குரல் இருக்கும். என் வீட்டுக் காப்பியில் பக்கத்து வீட்டு நாய். வாத்தியாரின் காப்பியில் பள்ளி மணி. காப்பிக்குக் காப்பி எடுத்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரு முறை தாராபுரத்திலிருந்து யாரோ அரிய பதிவு என்று பெரிய பீடிகையோடு அனுப்பியதைப் போட்டால் மணி, நாய், உப்பு எல்லாம் வரிசையாகக் கேட்டன. எங்களுடையதே ஊர் சுற்றித் திரும்பியிருந்தது.

எழுபத்தாறில் குன்னத்தூர் நோம்பியில் எங்கள் எல்லாப் பதிவிலும் சிறந்தது கிடைத்தது. வண்டிப் பாட்டு ஆரம்பித்து மூன்று நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. கிதார்கள் நின்றன. பாடகர் வாயசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் ரிக்கார்டர் பேட்டரி செல்லில் ஓடியது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் அவர் அடித்தார். முதலில் பயத்தில், பிறகு கோபத்தில், பிறகு என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்றில். விளக்கு எரிந்தபோது கிதார்காரர் அவசரத்தில் இழுத்து ஒரு கம்பி அறுந்தது. மீதி ஐந்து கம்பியிலேயே பாட்டை முடித்தார். மொத்தம் பத்தொன்பது நிமிடம். பாய் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். விட்டபோது விரல் தடம் இருந்தது.

அன்றைக்குத்தான் கிதார்காரர் மேடையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, அந்த மூங்கில்ல என்னுங்க கட்டியிருக்கீங்க? நாலஞ்சு ஊர்ல பார்த்துட்டேன்."

பாய் விளம்பரக் கதையைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். கிதார்காரர் மூங்கில் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, ஆறு வருடமாக வாசிக்கிறோம், நாங்கள் வாசித்து நாங்களே கேட்டதில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வரமுடியுமா என்று கேட்டார்.

எங்களுக்குக் கிடைத்த மரியாதை இது என்று நினைத்தோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வண்டிப் பாட்டு மட்டும் பதினோரு கேசட்டில் இருந்தது. பதினொன்றையும் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம். பீளமேட்டில் ஒர்க் ஷாப்பின் பின்னறையில் நான்கு பேரும் தலை வாரிக் காத்திருந்தார்கள். நாங்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. டீ, பஜ்ஜி கொடுத்தார்கள்.

முதலில் அவிநாசி வண்டியைப் போட்டோம். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பல்லடம் வண்டியில் சிரிப்பு நின்றது. தாளம் தப்பும் இடம் வந்தபோது டிரம்ஸ்காரர் தன் கைகளைப் பார்த்தார். மூன்றாவது கேசட்டில் பாடகர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குன்னத்தூரைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அது முடிந்ததும் யாராவது எழுந்து எங்களைக் கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். முடிந்தது. டிரம்ஸ்காரர்தான் முதலில் பேசினார்.

"நாம இப்பிடியா வாசிச்சுட்டு இருக்கறோம்?"

கிதார்காரர் ஒரு நோட்டை எடுத்து, முதல் கேசட்டிலிருந்து மறுபடி போடச் சொன்னார். எந்த இடத்தில் என்ன தப்பு என்று ஒவ்வொன்றாக எழுதினார். பாய் குறுக்கே புகுந்து, அந்த இடங்கள்தான் எங்களுக்கு உயிர், அதற்காகத்தான் பஸ் ஏறி வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார். கிதார்காரர் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், அடுத்த தப்பை எழுதினார். என்னையும் உதவிக்கு அழைத்தார். சுருதி விலகும் இடம் அவருக்குச் சந்தேகமாக இருந்தபோது நான் சரியாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அது என் தொழில், கேட்டால் வாயில் வந்துவிடும். மாலை வரை நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று மாதம் அவர்கள் எங்கும் வாசிக்கவில்லை. பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டோம். திரும்பி வந்தபோது நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. வண்டிப் பாட்டு ஆறு நிமிடம் பத்து நொடி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கூட்டம் முன்னைவிட அதிகமாகக் கைதட்டியது. முதல் தடவை நாங்களும் தட்டினோம். அடுத்த ஊரிலும் ஆறு நிமிடம் பத்து நொடி. அதற்கடுத்த ஊரிலும் அதுவே.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகை முடிந்து வந்த பிறகு, அவர் வீட்டில் இரண்டு ரிக்கார்டரிலும் இரண்டு ஊர்ப் பதிவைப் போட்டு ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினோம். ஒரே பாட்டு ஓடுவது போலத்தான் கேட்டது. ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் இரண்டும் லேசாகப் பிரிந்தன. அதுகூட என் ரிக்கார்டரின் பெல்ட்டால். வாத்தியாருக்கு ஒரு காப்பி அனுப்பினோம். அடுத்ததையும் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு அவரிடமிருந்து கார்டு வந்தது. "வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது."

பாய்க்கு ஆறவில்லை. நேரில் போய்ச் சொல்லியே தீருவது என்று என்னையும் கூட்டிக்கொண்டு பீளமேடு போனார். கிதார்காரர் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாய் தன் மனதில் இருந்ததைக் கொட்டினார். பழையபடி வாசிக்கலாமே என்று கேட்டார்.

"தப்பு வாசிக்கச் சொல்றீங்களாங்க?" என்றார் கிதார்காரர். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்குப் பிடிச்சுதுங்க, தெரியுது. ஆனா நாங்க கேட்டுட்டோமில்லீங்க. ஒருக்கா கேட்டதுக்கப்புறம் கேக்காத மாதிரி வாசிக்க முடியலீங்க."

பிறகு அவரே சொன்னார்: இப்போது கல்யாணங்களுக்குக் கூப்பிடுகிறார்கள், டிரம்ஸ்காரர் தறிக்குப் போவதை விட்டுவிட்டார், பாடகரின் அப்பா முதன்முறையாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். எல்லாம் நீங்கள் கொண்டுவந்த கேசட்டுகளால்தான் என்று எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டு வந்தோம். திரும்பும் பஸ்ஸில் சூலூர் தாண்டியதும் பாய், அவன் நல்ல பையன் என்றார்.

பதிவு செய்வதை நிறுத்திவிட்டோம். பாய் மட்டும் சில நோம்பிகளுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்பார், சர்க்கரை இல்லாத காப்பியைப் பற்றிச் சொல்வது போல. கரண்ட் போன நாளில்கூட அவர்கள் பேட்டரி வைத்திருந்தார்களாம்.

எழுபத்தெட்டில் எனக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகை கிடைத்ததும் கிதார்காரர் கார்டு போட்டிருந்தார், நாங்கள் வந்து வாசிக்கிறோம், மறுக்கக் கூடாது என்று. வரவேற்பில் வாசித்தார்கள். பெண் வீட்டார் கோபிப் பக்கம். இப்படி ஒரு குழுவை அவர்கள் பார்த்ததில்லை. மாமனார் பெருமையோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டார். கடைசியாக வண்டிப் பாட்டு. கிதார்காரர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடங்கினார். பாய் முன் வரிசையில், மடியில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். நான் மாலையோடு உட்கார்ந்து, எங்காவது ஓர் ஊசி உடையாதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அறிமுகமாகி இரண்டு மணி நேரமே பேசியிருந்த என் மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏனுங்க, ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல. எல்லாஞ் சரியா இருக்குது," என்றேன்.

அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தபோது அவளும் கைதட்டினாள், நன்றாக ரசித்துத்தான். நான்கு பேரும் மணமேடைக்கு வந்து எங்களுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம். அவர்கள் சாப்பிடப் போன பிறகு பாயையும் போட்டோவுக்குக் கூப்பிட்டேன். அவர் சாப்பாட்டுப் பந்தியில் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, தன் இலையில் வைத்த ஜாங்கிரியை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்.