கூடுதலாகப் போட்ட மாங்கனீசு

விரல்நுனியில் நிற்கிற அளவுக்கு ஒரு உலோகப் பொட்டு. நிக்கல், மாங்கனீசு, வெள்ளீயம் மூன்றையும் உருக்கி என் தோழி செய்தது. காந்தப்புலத்துக்குள் வைத்ததும் குளிர்ந்தது. வளைத்தாலும் சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற உலோக இனம் அது. அதை வைத்து வாயு இல்லாத குளிர்பெட்டி செய்யலாம் என்றுதான் நாங்கள் இருவரும் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தோம். என் பொட்டுகளில் ஒன்றுகூடக் குளிரவில்லை. தன் பொட்டு குளிர்ந்ததும் அவள் சிரித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமில்லை.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். சூத்திரத்தில் உள்ளதை மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பேன். அவள் புதுமடத்து மீன் வியாபாரியின் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அய்யா மதுரைக்குப் போகிற மீனைப் பெட்டியில் அடுக்கி, ஐஸை அள்ளி அள்ளிப் போட்டார்.

"இம்புட்டு எதுக்குய்யா?" என்றேன்.

"போற வழியில கரையுறதுக்கும் சேத்துத்தான் போடணும் தாயி" என்றார்.

தோழி முழங்கையால் இடித்தாள். "மாங்கனீசும் அப்படித்தான்டி. உருக்கும்போது கொஞ்சம் ஆவியாப் போயிருது. எம்புட்டு கொறைஞ்சதுன்னு எடை பாத்து, அடுத்த தடவை கூடப் போடுறேன். நீயும் போட்டுப் பாரேன்."

எனக்குப் புத்தகத்தில் கிடைக்காதது அவளுக்கு மீன்பெட்டியில் கிடைத்துவிட்டதே என்று ஆத்திரம். ஒரு மாதம் வீம்புக்குப் பழைய அளவையே நிறுத்துப் போட்டேன். பிறகு அவள் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூடப் போட்டு உருக்கினேன். குளிர்ந்தது.

அவள் பொட்டு குளிர்வதைக் கைராசி என்றே நினைத்திருந்த எங்கள் ஆய்வு நெறியாளர், "எப்படிம்மா பிடிச்ச?" என்று என்னைக் கேட்டார். "நானா யோசிச்சேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. ஊரிலிருந்து வந்து பையோடு வாசலில் நின்றவள் அதைக் கேட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பயந்தேன். "ஆமா சார், அவ அதே நெனப்பாத்தான் கெடந்தா" என்றாள்.

மாங்கனீசைக் கூடப் போடுகிற அந்த முறை ஆய்விதழில் என் பெயரில் வெளியானது. இன்று நான் இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவள் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில், அதே உலோகத்தால் மருந்து வைக்கிற குளிர்பெட்டியே செய்துவிட்டாள். போன வாரம் தன் கட்டுரையை அனுப்பியிருந்தாள். என் கண் முதலில் குறையைத்தான் தேடியது. கட்டுரையின் கடைசியில், மாங்கனீசு முறையைக் கண்டவர் என்று எனக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

போன் செய்தேன். "ஏன்டி இப்படிப் போட்ட?"

"ஒனக்கு அது ஒண்ணுதானடி இருந்துச்சு. எனக்குத்தான் வேற வந்துக்கிட்டே இருக்கே."

கேலி இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை.