ஏழாவது மாவைக் கொட்டினேன்

ஜனவரி 24, காலை 6.10, கடும் பனி. பெரம்பலூர் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, அங்கே நடக்கும் மாணவர் சந்தையில் விற்க மக்காச்சோளப் பணியாரம் சுட்டுப் பழகினாள். ஆறு முறையும் கல்லாகிப் போனது. ஏழாவது மாவு சமையலறையில் புளித்து நாறியது. கெட்டுவிட்டதென்று இரண்டு படியையும் எருமைத் தொட்டியில் கொட்டினேன்.

"ஐயோ தாத்தா! புளிக்கட்டும்னுதான் ரெண்டு நாளா வச்சிருந்தேன். ஒம்பது மணிக்குக் கடை போடணும்!"

"ஆறு தடவை கல்லாச்சே, இன்னுமா?"

"எண்ணினது நீங்க, சுட்டது நானு."

வீட்டிலிருந்த இட்லி மாவில் மக்காச்சோள மாவைக் கலந்து, அழுதுகொண்டே சுட்டாள். பாதி உதிர்ந்தது, மீதி விற்றது. எனக்கோ என் மேலேயே எரிச்சல். மறுநாளே அவள் மறுபடி ஊறவைத்தாள்.

இப்போது அவளைக் கேட்காமல் எந்தப் பாத்திரத்தையும் நான் தொடுவதில்லை. அவள் மறுபடி ஊறவைத்ததற்கான மக்காச்சோளம், உளுந்து, எண்ணெய்ச் செலவு என் பொறுப்பில்: 412 ரூபாய்.