போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது மூன்று பேர்

எத்தனை பேர் பயணம் செய்கிறீர்கள்? விமான டிக்கெட் விற்கும் இணையதளம் எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வி இது. முதுகலை முடித்த எனக்கு இதற்குச் சரியான விடை இன்றுவரை தெரியவில்லை. பெரியவர்கள் இரண்டு என்பதுவரை சிக்கல் இல்லை. அதற்குக் கீழே ‘குழந்தை’ என்றும் ‘கைக்குழந்தை’ என்றும் இரண்டு பெட்டிகள். இரண்டு வயது நிறையாவிட்டால் கைக்குழந்தை. அம்மாவின் மடியில் உட்கார்ந்து சின்னத் தொகையில் பறந்துவிடலாம். நிறைந்துவிட்டால் தனி இருக்கை, ஏறக்குறைய என்னுடைய கட்டணம். எங்கள் மகள் யாழினிக்கு இந்த ஆவணியில் இரண்டு வயது நிறைந்தது. அதுவும் நாங்கள் செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்ப நினைத்திருந்த பத்து நாள்களுக்கு நடுவில். போகும்போது அவள் மடியில் இருப்பவள், வரும்போது பயணி. கைக்குழந்தை என்று போட்டால் திரும்புவதற்குப் பொய், குழந்தை என்று போட்டால் போவதற்கு வீண். இரண்டிலும் ஒன்று ஒன்று போட்டுப் பார்த்தேன். நான்கு பேருக்கு விலை சொன்னது.

என் கணவர் செந்திலுக்குக் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. திருவனந்தபுரத்துக்கு நாங்கள் குடிவந்து மூன்றரை வருடம் ஆகிறது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் வழியனுப்பத் தெருவே வாசலுக்கு வரும். இங்கே விமானக் கட்டணத்தைப் பற்றி மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். லிஃப்டில், மீன் வாங்கும் இடத்தில், குழந்தைக்குத் தடுப்பூசி போடக் காத்திருக்கும்போது, “இப்போ ரேட்டு குறவாணு, அடுத்த ஆழ்ச்ச கேறும்”, அடுத்த வாரம் ஏறிவிடும், என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். எதிர் ஃப்ளாட் லதிகா சேச்சி இந்தக் கலையில் கரைகண்டவர். மகன் அபுதாபியில். ஓணத்துக்கு அவன் வருவதற்கான டிக்கெட்டை விஷு கழிந்த கையோடு எடுத்து முடித்துவிடுவார். நான் மொபைலும் கையுமாக நிற்பதைப் பார்த்தாலே திட்டு விழும். “மோளே, இதென்ன பஸ்ஸா? நோக்கி நோக்கி நின்னா வண்டி போகும், பைசாவும் போகும்.”

சேச்சி சொன்னது பொய்யில்லை. போன வருடம் அப்படித்தான் ஆனது. யாழினியின் முதல் பிறந்தநாளைச் செங்கல்பட்டு வீட்டில் கொண்டாட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். நானும் செந்திலும் விலை இறங்கும் இறங்கும் என்று மூன்று வாரம் காத்திருந்தோம். “இன்னும் ரெண்டே நாள் பாரு கவி, விழும்” என்பார் அவர். விழவில்லை. ஏறிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பயணத்தையே கைவிட்டோம். ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, “பரவால்லம்மா, பொறந்தநாள் அடுத்த வருஷம் வராமலா போயிடும்” என்றாள். மறுநாள் ஒரு படம் அனுப்பினாள். ஏற்கெனவே சொல்லிவைத்த கேக்கை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வெட்டியிருக்கிறாள். படத்தில் பத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிறந்தநாள்காரியைத்தான் காணோம். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை, திறந்து பார்ப்பதும் இல்லை. இந்த வருடம் என்ன ஆனாலும் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்ன ஆனாலும் என்றேனே தவிர, என்ன விலையானாலும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே தேடல் தொடங்கியது. செந்திலின் கொள்கை, நமக்கு ஆசை இருப்பது இணையதளத்துக்குத் தெரியக் கூடாது என்பது. புடவைக் கடையில் அம்மா பிடித்த புடவையைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றைப் புரட்டுவாளே, அதே உத்தி. இணையதளத்தை ஏமாற்றுவதற்காக நான் இரண்டு நாள் குவாஹாட்டிக்கு டிக்கெட் தேடினேன். பலன், இன்றுவரை குவாஹாட்டிக்கு அருமையான சலுகைகள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. சாலை பஜாரில் நான் இட்லி அரிசி வாங்கும் கடைக்காரர் நாகர்கோவில்காரர். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “எக்கா, ஒரு பஸ்ஸைப் பிடிச்சி தூத்துக்குடி போயி அங்கன ஏறுங்க. சல்லிசா முடிஞ்சிரும்லா” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தூத்துக்குடி போய்ச் சேரும் நேரத்தில் நேராகப் பறந்தவர்கள் செங்கல்பட்டில் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்திருப்பார்கள். அவரிடமாவது “கொஞ்சம் குறைச்சுப் போடுங்கண்ணே” என்று சொன்னால் ஒரு கை அரிசி கூட விழும். இந்தத் திரையிடம் யார் கெஞ்சுவது?

இதில் நட்சத்திரம் வேறு. யாழினி ஆவணி ரோகிணி. தேதிப்படி பிறந்தநாள் ஒரு நாள், நட்சத்திரப்படி அதற்கு ஏழு நாள் கழித்து. “தேதியெல்லாம் ஸ்கூல்ல சேக்கறதுக்குத்தாண்டி. பொறந்தநாள்னா நட்சத்திரம்தான்” என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். இந்த விஷயத்தில் சேச்சியும் அம்மா கட்சி. இங்கேயும் நட்சத்திரம் பார்த்துத்தான் பிறந்தநாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ஆனால் என்னை மறுப்பதில் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. ஆவணி ரோகிணி எப்போதும் ஓணத்தை ஒட்டியே வரும். ஊர் முழுக்கப் பறக்கும் வாரத்தில்தான் நாங்களும் பறக்க வேண்டும்.

ஒரு காலை, யாழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டே திரையைத் தொட்டபோது, சிவப்பாகவே கிடந்த நாள்களுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை மட்டும் மலிவு என்று பச்சையாக இருந்தது. திரும்ப ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் பச்சை. ரோகிணிக்கு மறுநாள்! இரவுவரை பொறுத்து செந்திலைக் கேட்கலாமா? மாலையில் இன்னும் இறங்குமோ? அல்லது ஏறிவிடுமோ? அந்த கேக் படம் நினைவுக்கு வந்தது. இட்லிக் கையோடு அழுத்திவிட்டேன். போவதற்கு ஒரு டிக்கெட், மகள் கைக்குழந்தை. வருவதற்கு இன்னொரு டிக்கெட், மகள் குழந்தை. பணம் திரும்பக் கிடைக்காது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. வெற்றிச் செய்தியைச் சொல்ல நேராக எதிர் ஃப்ளாட்டுக்குப் போனேன்.

சேச்சி தேதியைக் கேட்டதும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மோளே, அன்னு திருவோணமல்லே?”

மொபைலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். திரையில் தேதி இருந்தது, கிழமை இருந்தது, நிறம்கூட இருந்தது. திருவோணம் என்று எங்கும் இல்லை. எல்லோரும் வந்து சேர்ந்து இலை போட்டு உட்காரும் நாளில் யார் ஊரை விட்டுப் போவார்கள்? அதனால்தான் பச்சை. அன்று தங்கள் வீட்டில் யாழினிக்குத் தனி இலை போட்டு ஓண விருந்தான சத்யை பரிமாறப்போவதாகச் சேச்சி மாடி முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அவளுக்குத் தங்க ஜரிகைக் கசவுக்கரை வைத்த குட்டிப் பாவாடைகூட வாங்கியாகிவிட்டது. நானும் தலையாட்டியிருந்தேன். “மாத்த முடியாதா?” என்று தமிழிலேயே கேட்டார். “பணம் போயிடும் சேச்சி” என்றேன். சட்டென்று உள்ளே போய்விட்டார். குக்கர் விசில் வந்ததா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். திருவோணத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. “சனிக்கெழம வாங்க, வர்றதுக்கு என்ன. ஆனா செவ்வாக்கெழம எவளாவது பொறந்த வீட்டுலேருந்து பொண்ணையும் பேத்தியையும் அனுப்புவாளாடி? உனக்குப் படிப்பு எதுக்கு?” என்றாள். அன்று எனக்கு ஒரு விதி விளங்கியது. அம்மாக்கள் எல்லோரும் கூடாது என்று சொல்லும் நாள் எதுவோ, அதுதான் மலிவான நாள். விளங்கி என்ன பயன்? இரண்டு வீட்டிலும் தப்பு செய்தவளாகி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “அதே நாளுக்கு இப்ப விலை ஏறிடுச்சு, நீ கெட்டிக்காரி” என்று செந்தில் பாராட்டினார். அது ஆறுதல் என்று அவர் நினைத்தார்.

திருவோணத்துக்கு முந்தின நாள் காலை கதவைத் தட்டிச் சேச்சி சொன்னார்: “பன்னிரண்டு மணிக்குக் குஞ்ஞினெ கூட்டி வா. உத்ராடமும் ஓணம்தன்னே. ஒண்ணாம் ஓணம்!” உள்ளே போனால் இலை விரித்திருந்தது. அபுதாபி மகன், “அம்மா முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட உத்ராடத்துக்கு முழு சத்யை வெச்சதில்லை” என்று என்னிடம் ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். யாழினி பப்படத்தை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டு, சேச்சியின் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய அடைப்பிரதமன் பாயசம் என் கையில் ஏறியது. “அம்மைக்குக் கொடுக்கணும்.”

விமான நிலையக் கவுண்டரில் கசவுப் புடவை கட்டிய பெண் குழந்தையின் வயதைக் கேட்டார். நான் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார் எல்லாவற்றையும் பரப்பி, “தேதிப்படி நாளை மறுநாள்தான் இரண்டு, நட்சத்திரப்படி இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது” என்று விளக்கினேன். “ஸோ, இன்ஃபன்ட்?” என்றார் அவர். “இன்றைக்கு, ஆமாம்” என்றேன். ஹாப்பி ஓணம் என்று சிரித்தார். பாதுகாப்புச் சோதனையில் தூக்கைத் திறக்கச் சொன்ன காவலர் வடக்கத்திக்காரர். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “கீர்?” என்றார். எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது; யாழினியைத் தூக்கிக் காட்டினேன். கைக்குழந்தையின் ஆகாரத்துக்கு அனுமதி உண்டு. ஒன்றரைப் படி பாயசம் குடிக்கும் கைக்குழந்தையை அவர் ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்பது செந்திலின் அலுவலகச் சலுகை. எந்த வீடு என்று அவர்கள் கேட்கவில்லை. ஆகவே பத்து நாளும் செங்கல்பட்டில் இருந்தோம். ரோகிணியன்று பிறந்தநாள்காரி நேரில் இருக்க கேக் வெட்டினோம். அம்மா அன்று மாலை யாழினியின் துணிப்பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்தாள். பரஸ்தானம். நல்ல நேரத்தில் சாமான் ஒன்று வாசல் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பஞ்சாங்கப்படி நாங்கள் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டோம். செவ்வாய்க்கிழமை போனது வெறும் உடம்புகள்தான். “இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள் அம்மா. சொல்வதற்கு அவளைத் தவிர யாரும் இல்லை. இந்த இரண்டு பெண்களும் தங்கள் நாள்களை எனக்காக இப்படி வளைத்துக் கொடுத்தார்கள். வளையாதது அந்த இணையதளம் ஒன்றுதான்.

திரும்பும் விமானத்தில் யாழினிக்கு அவள் பெயரிலேயே இருக்கை, ஜன்னலோரம். பெல்ட்டைப் போட்டதும் விமானம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். மேலே ஏறி விளக்கு அணைந்ததும் கழற்றிவிட்டேன். அடுத்த கணம் தாவி என் மடிக்கு வந்துவிட்டாள். முழுக் கட்டணம் கட்டிய இருக்கை காலியாகக் கிடந்தது. அந்த இருக்கையில் சேச்சியின் தூக்கை வைத்து பெல்ட் போட்டேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அம்மா அதில் அதிரசம் நிரப்பியிருந்தாள். பணிப்பெண் அதைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். எனக்கும் திருவனந்தபுரத்தில் ஓர் இருக்கை இருக்கிறது, என் பெயர் போட்டு, பெல்ட்டோடு. மடி செங்கல்பட்டில் இருக்கிறது. யாழினிக்கோ இரண்டு ஊரிலும் மடி.

இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பொங்கலுக்குப் போக வேண்டும். போகியன்று பச்சையாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குக் கிளம்பலாமா? இரண்டரை வயதுப் பிள்ளையைத் தன் இருக்கையிலேயே உட்கார வைக்க என்ன வழி? வழியில்லை என்றால் சொல்லிவிடுங்கள், மடியை எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று அந்த இணையதளத்தையே கேட்கிறேன். இன்னும் ஒரு நாள் பொறுத்தால் விலை இறங்குமா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். சேச்சி அந்தத் தூக்கில் இன்று காலை வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவலான சர்க்கரைவரட்டி போட்டு அனுப்பியிருக்கிறார், “அம்மைக்கு” என்று சொல்லி. அம்மாவுக்கு நான் இன்னும் தேதியே சொல்லவில்லை.