வெள்ளைச் சேவல் வளர்க்காத வீடு

அரியலூர் நூலகத்துக்குள் அவர் நுழையும்போது இமைகளில் சிமென்ட் தூசி பனிபோல் படிந்திருக்கும். ரெட்டிபாளையத்தில் ஆலை வேலை. மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார். ஆனால் குலதெய்வம் எதுவென்று சொல்ல அவர் வீட்டில் ஆளில்லை; சாமிக்காக விட்ட ஒரு வழக்கம் மட்டும்தான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பச்சையம்மன். இவருக்கும் அதுவேயென்றால் பங்காளி முறையாகிவிடும், கல்யாணம் நின்றுவிடும்.

பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தும் பயனில்லாமல், படிக்க வருகிற எல்லோரிடமும், என்னிடமும்கூட, மெல்லக் குனிந்து கேட்பார்: “எங்க வூட்ல வெள்ளச் சேவல் வளக்கக் கூடாதும்பாங்க. உங்க வூட்ல எப்புடிங்க?”

ஒரு மாலை ஜெயங்கொண்டத்து ஜவுளிக்காரர் ஒருவர் பேப்பரை இறக்கினார். “எங்க வூட்லயும் வளக்க மாட்டோம். அது ஏரிக்கரை அய்யனாருக்கு விட்டது.” பிறகு இவருடைய தாத்தா பேரை விசாரித்துவிட்டு, “அட, நம்ம பங்காளிய்யா நீ!” என்றார்.

“பச்சையம்மன் இல்லியே? நல்லாத் தெரியுமா?”

“எங்க சாமி எங்களுக்குத் தெரியாதா?”

ஆலைக்காரர் சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்து வந்துவிட்டார். “இது லைப்ரரிங்க!”

“சாமி கெடச்சிடுச்சு சார். இன்னிக்கு ஒருநா வுட்டுடுங்க.”

பச்சையம்மன் என்ற பதிலுக்கு அவ்வளவு பயந்தவர், ஏன் ஒருவர் விடாமல் கேட்டார்? கேட்காமலே கல்யாணத்தை முடித்திருக்கலாமே. அன்று வீட்டுக்குப் போனதும், நம் வீட்டில் எதை வளர்ப்பதில்லை என்றுதான் அம்மாவிடம் முதலில் கேட்டேன்.