வெள்ளத்தில் விட்ட ஆமை

அழுகின பாசியின் வாடைதான் முதலில் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து புதுப் பாவாடையோடு கரைக்கு ஓடிப்போன எனக்கு அப்போது பத்து வயது; இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில், அப்பாவின் வள்ளத்தை ஒட்டி, முதுகெல்லாம் பாசியும் சிப்பியும் அப்பிய ஒரு கடலாமை, தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல், கண்ணில் பீளை வடியக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே ஆண்கள் எல்லோரும் கரையில், ஆளுக்கொரு யோசனையோடு. அப்பா மட்டும், "சவத்த விடுட்டி, வள்ளத்து நெழல்ல கெடக்கட்டு. நம்ம கையில வச்சுச் செத்தா பாரஸ்டுக்காரனுவ கேசு போடுவானுவ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் கிடந்தால் சாகும், "வெள்ளத்தில்" விட்டால் பிழைக்கும். தண்ணீரை வெள்ளம் என்று சொல்கிற எங்கள் கடல்புறத்தில் மீனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? கேசுக்குப் பயந்து ஒரு உயிரைச் சாக விடுகிறாரே என்று மணலில் உருண்டு அழுது, பாவாடையை நாசமாக்கி, அப்பாவைப் படாதபாடு படுத்தினேன். கடைசியில் மாமாதான், "பிள்ள அழுகால்லா அத்தான், ஒரு கை பிடியும்" என்றார்.

இருவரும் இடுப்பளவு வெள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் கைதட்டினேன். சாயங்காலம் அதே இடத்தில் செத்து ஒதுங்கியிருந்தது.

"இப்ப சமாதானமாட்டி?" என்று அப்பா கத்தினார்.

ஆமையும் நம்மைப் போல மூச்சு வாங்குகிற சீவன், தலை தூக்க முடியாததைக் கடலில் விட்டால் மூழ்கித்தான் சாகும், நிழலில் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கடலுக்கு மேலே தலைநீட்டி ஆமை மூச்சு வாங்குவதை அன்றாடம் பார்க்கிற மனிதர்கள் அத்தனை பேர் நின்றார்களே, ஒருத்தருக்காவது உறைத்ததா? அப்பா சொன்னதுதான் சரி. ஏன் சரி என்று அவருக்கும் தெரியாதே! தெரிந்திருந்தால் என் அழுகைக்கு மசிந்திருப்பாரா?

போன மாதம் ஊருக்குப் போனேன். காரில் எப்போதும் ஒரு சாக்கு கிடக்கும், கைபேசியில் வனத்துறை நம்பரும் உண்டு. அப்பாவின் வள்ளம் கிடந்த இடத்தில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறாங்கற்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அலை நேராக அதில்தான் வந்து மோதுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சீக்கு வந்த ஆமை ஏறிக் கிடக்கத்தான் அங்கே ஒரு சாண் மணல் இல்லை.